பத்தாவது கட்டை

ஒன்பதுதானே வைத்தேன், பத்து எப்படி வந்தது?

பால்கனித் தட்டில் காய்ந்துகொண்டிருந்த கட்டைகளை அவள் விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினாள். மணியெல்லாம் உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகள். ஒன்றரை மாத வெயிலில் கனம் போய், தட்டினால் டொக்கென்று சத்தம் கொடுக்கும் பதத்துக்கு வந்திருந்தன. பத்துதான். எண்ணிக்கையில் தவறுகிற ஆள் இல்லை அவள். மேலே பதினான்கு, கீழே பதினான்கு என்று பதினெட்டு வருடமாகப் பல் அடுக்குகிறவள். ஒன்று குறைந்தால் மேஜைக்கடியில் தவழ்ந்து தேடியாவது எடுத்துவிடுவாள். ஒன்று கூடினால் என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மருத்துவமனைகளிலிருந்து வாய்களின் அச்சு வரும். அச்சைப் பார்த்து மெழுகில் ஈறு கட்டி, பல் நட்டு, பிசினில் வார்த்து, பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். வாய்க்குச் சொந்தக்காரர்கள் யாரென்று தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மதிய இடைவேளையில் அவித்த சோளம் ஒன்றைத் தின்று முடித்து, கையில் மிஞ்சியதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வரிசை வரிசையாகக் குழிகள். பல் பிடுங்கிய ஈறு மாதிரியே இருந்தது. இதைக் கடைந்தால் உள்ளே எப்படி இருக்கும் என்ற கேள்வி அன்றைக்கு வந்ததுதான். அப்புறம் அது போகவில்லை. வீட்டில் பழைய தையல் மிஷின் மேஜையில் கடைவதற்கு ஒரு சின்ன லேத் ஏறியது. துவைக்கும் மிஷின் அந்த அறையை விட்டு முன்னறைக்குக் குடிபெயர்ந்தது.

சோளக்கட்டை அப்படியே லேத்தில் நிற்காது. நடுவில் பஞ்சு, அதைச் சுற்றி மரம் போல ஒரு வளையம், வெளியே உமி. உளி பட்டதும் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் நன்றாகக் காய வைத்து, பிசினில் மூழ்கடித்து, அழுத்தத்தில் வைத்து, காற்றிருந்த இடமெல்லாம் பிசினைக் குடிக்க வைக்க வேண்டும். கூடத்தில் கழித்துப் போட்ட அழுத்தப் பானை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதற்கப்புறம் நடுவில் துளை போட்டு, பேனாவுக்கான பித்தளைக் குழாயைச் செருகி ஒட்டிக் கடைந்தால், கட்டைக்குள் யாரும் பார்க்காமல் கிடந்த கட்டங்கள் தேன்கூடு போல ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த முதல் நிமிடத்துக்காகத்தான் அவள் செய்தாள். முடிந்த பேனாக்களை எங்கே வைத்தாளென்று பாதி நேரம் அவளுக்கே தெரியாது. சோளக்கட்டையோடு நிற்கவில்லை. பீர்க்கங்கூடு, சூரியகாந்தித் தண்டு, மிளகாய்க் காம்பு, வெங்காயச் சருகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் பிசினில் முக்கினாள்.

“நம்ம வீட்டுல எல்லாரும் சாப்பிடறோம், குப்பைத் தொட்டி மட்டும்தான் பட்டினி” என்பான் கணவன்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். வாய் வைத்துத் தின்ற கட்டையைத் தொடமாட்டாள். கதிரைப் பச்சையாக வாங்கி, காய வைத்து, மணியைக் கையால்தான் உதிர்ப்பாள். பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே கிடக்கிறோம், வீட்டிலாவது அது வேண்டாம் என்று.

பத்தில் ஒன்று மட்டும் சூம்பிப்போன கதிரின் கட்டை. மற்றவற்றைவிட ஒரு நிழல் கறுப்பு. இதை நான் கடையில் பார்த்திருந்தால் எடுத்திருக்கவே மாட்டேனே என்று நினைத்தாள். வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அன்று நடுவாரத்தில் வந்த அரசு விடுமுறை. மை நீலத்தில் பிசின் கலந்து, அந்தச் சூம்பலை மட்டும் அச்சுக்குள் நிறுத்தி ஊற்றி, அழுத்தப் பானையின் மூடியைத் திருகினாள்.

பானையில் காற்றேறும் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “என்னடிம்மா, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி எனக்குக் கஞ்சி ஆத்தி வெச்சுடு. சூடா குடிச்சா ஈறு எரியுது.”

“சரிங்க அத்தை.”

அதுதான் எட்டு மாதமாக அந்த வீட்டின் பேச்சு. மாமியாருக்குப் பல்லெல்லாம் போனபோது, செட் செய்யும் வேலை வேறு எங்கும் போகக்கூடாது என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தெரிந்த வாய். டாக்டர் அனுப்பிய சீட்டில் முன்வரிசை நேராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. அவளோ மாமியாரின் பழைய கல்யாணப் படத்தை மேஜையில் சாய்த்து வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் இடப்பக்கம் முன்பல்லை ஒட்டிய சின்னப் பல், பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல லேசாகத் திரும்பியிருந்தது. அவளும் அப்படியே திருப்பி நட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மாட்டிவிட்ட அன்று மாமியார் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். உதட்டை விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். “யாரோ உள்ளேருந்து என்னைப் பாக்கற மாதிரி இருக்கு” என்றார். மூன்றாம் நாள் வலிக்கிறது என்று கழற்றினார். அவள் தேய்த்துக் கொடுத்தாள். பத்தாம் நாள் ஆடுகிறது என்றார். அடியில் பூசிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து செட் கண்ணாடி டம்ளருக்குள் தண்ணீரில் போய்ப் படுத்தது. அப்புறம் அதை வாயில் பார்த்தவர் யாருமில்லை.

அவளுடைய நாத்தனார், கணவனுக்கு மூத்தவள், ஊரின் மறுகோடியில் இருந்தாள். அம்மாவின் பிறந்தநாளுக்குக்கூடப் போனில் முடித்துக்கொள்கிறவள், இந்த எட்டு மாதமாக ஒரு ஞாயிறு தப்புவதில்லை. இரண்டு பஸ் மாறி, மசித்த காய், குழைந்த சோறு என்று அடுக்குப் பாத்திரத்தோடு வருவாள். அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து ஊட்டி, தலைவாரி, நகம் வெட்டி, பொழுது சாய்ந்த பிறகுதான் கிளம்புவாள். போகும்போது கதவருகில் நின்று ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டாள். “ஊரு வாய்க்கெல்லாம் பல்லு கட்டறா நம்ம பல்லுக்காரி. வீட்டு வாய்க்கு மட்டும் கை வரல பாரேன்.”

வேடிக்கையாகத்தான் சொல்வாள். ஆனால் அது இவள் கைகளில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடத்தில் மெழுகைச் சுரண்டும்போது சில நாள் கத்தியை வைத்துவிட்டு விரல்களைப் பார்ப்பாள். தெரியாத வாய்க்கெல்லாம் பொருந்தியது என்று இத்தனை வருடம் நம்பினோமே, அவர்களும் டம்ளரில் போட்டுவிட்டார்களோ என்னவோ, நமக்கு யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று தோன்றும். முன்பெல்லாம் ஒரு பார்வையில் விட்டுவிடுகிற செட்டை இப்போது நான்கு தடவை எடுத்துப் பார்த்தாள். முதலாளி ஒருநாள், “என்னம்மா, பல்லுக்குப் பல்லு பேட்டி எடுக்கறியா?” என்று கேட்டேவிட்டார்.

மறுநாள் கூடத்திலிருந்து வந்ததும் அச்சை உடைத்து நீல உருளையை எடுத்தாள். துளை போட்டு, குழாய் ஒட்டி, அது இறுகியபின் லேத்தில் ஏற்றினாள். முதலில் வெறும் நீலச் சுருள்தான் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பு எட்டிப் பார்த்தது. உளியின் சத்தம் மாறியது. கட்டையின் தோலைத் தொட்டாயிற்று. வழக்கம்போல லேத்தை நிறுத்திக் கையால் சுற்றிப் பார்த்தாள்.

குழிகள் இருந்தன, இரண்டிரண்டு வரிசையாக. ஆனால் அவற்றுக்குக் குறுக்கே வேறு ஏதோ ஓடியது. நீலக் கோடுகள். அகலமாக இரண்டு. பக்கத்தில் குறுகலாக, சாய்வாக ஒன்று. அப்புறம் ஒரு புள்ளி போல ஆழமாக. கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதே வரிசை. உருளையைத் திருப்பினால் மறுபுறமும் அதே. கட்டை இப்படி வளராது. பூச்சி அரித்ததா என்று முதலில் நினைத்தாள். எந்தப் பூச்சி இவ்வளவு ஒழுங்காக, அகலம் மாறாமல், மூன்று தடவை ஒரே மாதிரி அரிக்கும்? கட்டை ஈரமாக இருந்தபோது ஏதோ அழுந்தி இழுத்திருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பிசின் போய் நிறைந்திருக்கிறது.

வெர்னியர் அளவுகோலை எடுத்து வைத்து அளந்தாள். அகலக் கோடு எட்டரை மில்லி. இரண்டாவதும் எட்டரை. சாய்ந்தது ஆறரையாக இருக்க வேண்டியது, திரும்பி விழுந்ததால் ஐந்தேமுக்கால்.

அந்த எண்களை அவள் அறிவாள். செயற்கைப் பற்கள் பதித்த அட்டைகள் அளவு வாரியாக வரும். எட்டரையும் ஆறரையும் சேர்ந்து வருவது ஒரே அட்டையில்தான். ஆனால் ஆறரையை ஐந்தேமுக்காலாகத் திருப்பி வைக்கிற பைத்தியம் ஊரில் ஒருத்திதான்.

லேத்தின் முன்னால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று தனக்குள்ளேயே காத்துப் பார்த்தாள். இரண்டும் வரவில்லை. எப்படி என்ற கேள்வி மட்டும் வந்தது. நாலு மணிக்கு மாமியார் பூங்காவுக்குக் காற்றாட நடந்து போவார். பூங்கா வாசலில் அவித்த சோளம் விற்கிற வண்டி நிற்கும். கிளம்பும்போது செட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். அல்லது கதிரை இங்கே கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு. தின்றது சரி. கட்டையை? சமையலறைத் தொட்டியில் போட்டால் தெரிந்துவிடும். சோளக்கட்டையை ஒளிக்க இந்த வீட்டில் ஒரே இடம்தான் உண்டு, ஒன்பது சோளக்கட்டைகளுக்கு நடுவில்.

மறுநாள் காலை மாமியார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டதும் அவள் உள்ளறைக்குப் போனாள். திருட வந்தவள்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டம்ளரிலிருந்து மேல் செட்டை எடுத்துத் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீரிலேயே கிடக்கும் பல் அனுப்பிய நாள்போல இருக்க வேண்டும். இதன் விளிம்புகளில் பளபளப்பு மங்கி, முடியிழைபோல நுண்ணிய கீறல்கள். வாரத்தில் ஒருநாள் தின்றால் இவ்வளவு தேயாது. தினம் தின்கிற வாய். கடைந்த உருளையைக் கொண்டுவந்திருந்தாள். செட்டின் முன்வரிசையை மெல்ல நீலக் கோடுகளின்மேல் வைத்தாள். உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம்கூட ஆடவில்லை.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் தன் கைகளைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் கேள்வி நிற்கவில்லை. பூங்காவில் தின்றிருந்தால் அங்கேயே எறிந்திருக்கலாமே. வீட்டில் தின்றிருந்தாலும் ஒரு காகிதத்தில் சுற்றி ஜன்னல் வழியே வீசியிருக்கலாம். ஏன் என் தட்டில்? எதையும் கடைந்து பார்க்காமல் விடமாட்டாள் என்று தெரிந்தவர், அதைக் கொண்டுவந்து என் தட்டில் ஏன் வைத்தார்? ஒளித்தாரா, கொடுத்தாரா? குளியலறையில் தண்ணீர் நின்றது. செட்டை டம்ளருக்குள் இறக்கிவிட்டு வெளியே வந்தாள்.

அதற்குமேல் அந்தக் கட்டையைக் கடையவில்லை. இன்னும் ஒரு மில்லி உள்ளே போனால் கோடுகள் போய்விடும். உப்புத்தாள் போட்டு, மெருகேற்றி, நிப் மாட்டி, மூடிக்கு மரை போட்டாள். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு தடித்த மைப்பேனா. மூடியை இரண்டரைச் சுற்று திருக வேண்டும்.

சனிக்கிழமை மாலை மாமியாருக்குக் கஞ்சி ஆற்றும்போது பேனா அவள் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மாமியார் கையை நீட்டினார். வாங்கிக் கட்டைவிரலால் உருட்டினார்.

“என்ன மரம் இது?”

“மரம் இல்ல அத்தை. சோளக்கட்டை.”

கட்டைவிரல் நின்றது. பிறகு மறுபடி மெதுவாக உருட்டியது. சாய்ந்த கோட்டின்மேல் போய், திரும்பி வந்து, மறுபடி போனது.

“கோடு கோடா இருக்கு.”

“ஆமா.”

பல்லில்லாத வாய் உள்வாங்கியிருந்ததால் மாமியாரின் முகத்தில் எது சிரிப்பு எது வருத்தம் என்று பிரிப்பது கஷ்டம். கண்ணைத்தான் பார்க்க வேண்டும். கண் பேனாவில் இருந்தது.

“எல்லாத்தையும் கடைஞ்சு கடைஞ்சு உள்ள என்ன இருக்குன்னு பாத்தே ஆகணுமா உனக்கு?”

“பாக்கற அளவுக்குத்தான் கடைவேன் அத்தை. அதுக்கு மேல போனா கையில ஒண்ணும் நிக்காது.”

மாமியார் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். கஞ்சியை ஒரு வாய் குடித்தார். “நாளைக்கு ஞாயித்துக்கெழம இல்ல?” என்றார், தெரியாததுபோல.

“ஆமா. அண்ணி வருவாங்க.”

“அவ வந்தா தல வாரி விடுவா. உனக்கு நேரம் எங்க இருக்கு, பாவம்.” அதைக் குறையாகச் சொல்லவில்லை. பல் செட் கிடந்த டம்ளரை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில், மகள் வந்து உட்காரும் இடத்திலிருந்து நன்றாகத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்தார்.

மறுநாள் நாத்தனார் அடுக்குப் பாத்திரத்தோடு ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தாள். ஊட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, தம்பியையும் கூப்பிட்டு உட்கார வைத்து அதை மேஜையில் விரித்தாள்.

“டாக்டரப் போய்ப் பாத்துட்டேன். எத்தனை நாளுக்குத்தான் அம்மா கஞ்சியே குடிப்பாங்க? முதல்லேருந்து அளவெடுத்து வேற எடத்துல செய்யச் சொல்லிடலாங்கறாரு. ஆனா செஞ்சவங்க, தப்பு நடந்துடுச்சுன்னு இதுல கையெழுத்து போடணுமாம். அப்பத்தான் மாத்தித் தருவாங்களாம்.”

“வேற எடத்துலயா?” என்றான் கணவன், அவளைப் பார்த்து.

“கோச்சுக்காத” என்றாள் நாத்தனார் அவளிடம். “உன்னக் குத்தம் சொல்லல. எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு தவறும். ஒரு கையெழுத்துதானே. எங்க, ஒரு பேனா குடு. பேனாக்காரி வீட்ல பேனாவுக்குப் பஞ்சமா?”

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த நேரம் கையில் வந்தது அதுதான். வேறு இருந்திருந்தால் கொடுத்திருப்பாளா என்று பின்னால் பலமுறை யோசித்தாள்.

“என்ன இது, உலக்கை மாதிரி இருக்கு!” நாத்தனார் மூடியைத் திருகித் திருகிக் கழற்றினாள். “ஆனா அழகாத்தான் இருக்கு போ.” நோயாளியின் வயது, செட் கொடுத்த தேதி என்று கட்டம் கட்டமாக நிரப்பினாள். குறை என்ன என்ற இடத்தில் நாக்கைத் துருத்திக்கொண்டு, உரக்கச் சொல்லியபடி எழுதினாள். “கடிக்க… முடியவில்லை. மெல்லவும்… முடியவில்லை.” அவள் விரல்கள் நீலக் கோடுகளை அழுத்திப் பிடித்திருந்தன. நிப் வழுக்கிக்கொண்டு நன்றாக எழுதியது.

கட்டிலில் மாமியார் சாய்ந்திருந்தார். புதிதாக வாரிய தலை, எண்ணெய் மினுங்க. பார்வை காகிதத்தில் இல்லை. பேனாவோடு கூடவே இடமும் வலமுமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

“இந்தா” என்று நாத்தனார் காகிதத்தைத் திருப்பி, பேனாவையும் அதன்மேல் வைத்து நகர்த்தினாள். “கீழ, அந்தக் கோட்டுல.”

அவள் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட ஒரு நொடி போதும். போட்டால் புது செட் வரும், வேறு யாரோ நேராக அடுக்கியது. அதுவும் ஒரு மாதத்தில் டம்ளருக்குப் போகும். ஞாயிறுகள் தொடரும். வாயைத் திறந்தால் அதற்கும் ஒரு நொடிதான். இந்தப் பேனாவைப் பாருங்க அண்ணி என்றால் போதும். எட்டு மாதத்துக்கும் அவள் கைகளுக்கு நியாயம் கிடைத்துவிடும். அடுத்த ஞாயிறு இந்தக் கட்டிலில் யார் உட்கார்ந்து தலை வாருவார்கள்? அல்லது அப்படியும் மகள் வருவாளோ? அது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கடைந்து பார்க்கிற விஷயமாக அது இல்லை.

மூடியை எடுத்து நிப்பின்மேல் வைத்தாள்.

“இல்ல அண்ணி. நான் போடல.”

“ஏன்? என்ன இது, ரோஷமா?”

“ரோஷமெல்லாம் இல்ல. அந்த செட்டுல தப்பு இல்ல.”

“அப்போ எங்கம்மா பொய் சொல்றாங்களா?”

கணவன் நாற்காலியில் நிமிர்ந்தான். வெளியே எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போய்த் தேய்ந்தது.

“அப்படியும் நான் சொல்லல” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “நீங்க எப்பவும்போல வாங்க அண்ணி. கையெழுத்து மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.”

மூடியைத் திருகினாள். ஒரு சுற்று. நீலக் கோடுகள் வந்து போயின, அகலமாக இரண்டு, சாய்வாக ஒன்று. இரண்டாவது சுற்று. கட்டிலில் மாமியாரின் மூடிய உதடுகளுக்குப் பின்னால் நாக்கு இடப்பக்கம் போய், அந்தத் திரும்பிய பல்லின் வெற்றிடத்தைத் தொட்டுவிட்டு வந்தது. பிறகு அவர் கை நீண்டது. டம்ளரைப் பிடித்து, மகள் பக்கமிருந்து ஒரு விரற்கடை தன் பக்கமாக இழுத்தது. உள்ளே தண்ணீர் ஆடியது. பற்கள் அடியில் மெல்லச் சாய்ந்து, கண்ணாடியில் ஒருமுறை தட்டின.

அரைச் சுற்று மீதமிருந்தது. அதையும் திருகி முடித்து, பேனாவைப் பையில் வைத்துக்கொண்டாள்.